மறு ஏலம் போன கச்சாயம்

என் அம்மாவுக்கு, என்னை அம்மணி, கண்ணு என்று கூப்பிட்டு வளர்த்த என் பெரிய அம்மணிக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாய். அதனால் நேரே சேதிக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நம் சபையில் அறுப்பின் பண்டிகை. நான் போனேன். கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

நீ சிரிப்பாய், எனக்குத் தெரியும். சிரி. முதலில் அரைத்த மாவு தண்ணியாகிப் போய், எண்ணெயில் விட்டதும் பிய்ந்து பிய்ந்து மிதந்தது. மறுபடி அரிசி அரைத்துச் சேர்த்து, வெல்லத்தைக் கூட்டி, எப்படியோ வட்டமாக உப்பி வருகிற அளவுக்குக் கொண்டு வந்தேன். சமையலறையை நீ பார்த்திருந்தால் என்னைத் துடைப்பத்தால் அடித்திருப்பாய். கடைசியில் உன் தூக்குப்போசிப் பாத்திரம் நிறைய ஆகிவிட்டது.

மற்றபடி நான் அதே பெரியநாயக்கன்பாளையம் பம்ப் கம்பெனியில்தான் இருக்கிறேன். மோட்டாரை ஓட்டிப் பார்த்து எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கிற அதே வேலை. "ஊரு மோட்டாருக்கெல்லாம் குத்தம் சொல்றவளுக்கு எவன் மாப்ள வருவான்?" என்று நீ கிண்டல் பண்ணுவாய். இன்னும் எவனும் வரவில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம்.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிக்கக்கூடும். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

கிணத்துக்கடவு தாண்டி உள்ளே போனால் நம் ஊர். ஊரில் ஒரே ஆலயம். முன் பெஞ்சுகளில் கடைவீதிக் குடும்பங்கள், பின் பெஞ்சுகளில் காலனிக் குடும்பங்கள். யாரும் அப்படி உட்காரச் சொன்னதில்லை. யாரும் மாற்றி உட்கார்ந்ததும் இல்லை. நாம் காலனி. நீ பகலில் தென்னை நார் மில்லில் வேலை செய்தாய், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீடு வீடாக ஜெபக்கூட்டம் நடத்தினாய்.

அறுப்பின் பண்டிகைக்கு எல்லோரும் விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். தேங்காய், வாழைத்தார், கால் கட்டிய கோழி, பூசணிக்காய். விளைச்சல் இல்லாதவர்கள் பலகாரம் செய்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விட்டு, வருகிற பணத்தை ஆலயத்துக்குச் சேர்ப்பது வழக்கம். ஏலம் எடுத்தவர் விரும்பினால், "ஆண்டவருக்கே திருப்பிக் குடுக்கறேன், மறு ஏலம் போடுங்க" என்று சொல்லலாம். உடனே சபை கைதட்டும். அதே பொருளை இன்னொருவர் எடுப்பார்.

நமக்கு நிலமா நீச்சா? வருசா வருசம் நீ ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயம் சுட்டு வைப்பாய். ஆண்டவருக்கு வைப்பதில் முதலில் நாக்கு வைக்கக் கூடாது என்று ருசிகூடப் பார்க்க மாட்டாய். வீட்டுக்கு வேண்டியதை மறுநாள்தான் சுடுவாய். நான் எத்தனை கெஞ்சினாலும் ஒன்று தர மாட்டாய்.

உன் கச்சாயத்துக்குத்தான் மறு ஏலம் அதிகம். முதலில் பர்னிச்சர் கடை சாம்சன் அண்ணன் எடுப்பார், திருப்பிக் கொடுப்பார். அடுத்து மருந்துக் கடைக்காரர் எடுப்பார், திருப்பிக் கொடுப்பார். அரிசி மண்டி தனராஜ் ஐயாதான் சபைச் செயலர், ஏலம் விடுகிறவரும் அவர்தான். உன் போசியைத் தலைக்கு மேல் தூக்கி, "பாருங்க, நம்ம ரூத்தம்மா கச்சாயத்துக்கு இருக்கற கிராக்கிய!" என்பார். கைதட்டல் ஓயாது. நீ பின் பெஞ்சில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெட்கப்படுவாய். கடைசியாக எடுத்தவர் அதைச் சபைப் போதகரான ஐயர் வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். திங்கட்கிழமை நீ போய்ப் போசியை வாங்கி வருவாய். "பாத்தியா கண்ணு, ஒண்ணுகூட மிச்சமில்ல" என்று போசியைக் கவிழ்த்துக் காட்டுவாய்.

எனக்கும் சின்ன வயசில் பெருமைதான். காலேஜ் போன பிறகுதான் கண் திறந்தது. தனராஜ் ஐயாவின் மனைவி சுசீலாம்மா செய்த கேக் ஒரே ஏலத்தில் போய்விடும். எடுத்தவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பத்திரமாக வீட்டுக்குப் போவார். காலனியிலிருந்து போன பூசணிக்காயையும் வாழைத்தாரையும்கூட எடுத்துப் போவார்கள். அடுப்பில் ஏறி இறங்கியது என்றால்தான் ஆண்டவருக்குத் திருப்பிக் கொடுக்கிற மனசு எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்துவிடும்.

ஒரு தடவை உன்னிடம் கேட்டேன். "ஏம்மா, அவங்க கேக்கெல்லாம் ஏன் மறு ஏலத்துக்கு வர்றதில்ல?"

நீ அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாய். "கேக்கு சீக்கிரம் கெட்டுப்போயிரும் கண்ணு. கச்சாயம் நாலு நாள் தாங்குமில்ல?" என்றாய்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உனக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் என் வாயை அடைத்தாயா? உன்னைப் பெட்டியில் வைத்து மூடிய அன்றைக்கும் இந்தக் கேள்விதான் உன்னிடம் கேட்க மிச்சமிருந்தது.

அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். உன் கிட்னி போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளில், கோயமுத்தூருக்குப் போகத் தனராஜ் ஐயாதான் தன் காரை அனுப்பினார். ஆஸ்பத்திரியில் சுசீலாம்மா கஞ்சி வைத்துக்கொண்டு வந்து உனக்கு ஸ்பூனால் ஊட்டிவிட்டார். உன் வாயைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கைக்கா உன் கச்சாயத்தைத் தொட முடியவில்லை? நமக்குக் கொடுக்க இவர்களால் எவ்வளவு வேண்டுமானாலும் முடிகிறது. நம்மிடமிருந்து வாங்கித் தின்னத்தான் முடியவில்லை. இதற்குச் சாதி என்பதைத் தவிர வேறு என்ன பேர், அம்மா? எல்லோரும் வாங்க போங்க என்றுதான் பேசுகிறார்கள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

நீ போன பிறகு நான் ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். கோபம் மட்டும் காரணமில்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் எதிரில் யாரும் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. நீ "ஏனுங் ஆண்டவரே" என்று ஆரம்பித்தால், பக்கத்து வீட்டு அண்ணனிடம் பேசுவது போல அரிசி விலை வரைக்கும் பேசிவிட்டு எழுந்திருப்பாய். எனக்கு ஆமென்கூட வரவில்லை. திருவிருந்தில் எல்லோரும் ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுகிறோம். ஆண்டவருடைய சரீரம் இறங்குகிற தொண்டையில் நீ சுட்ட கச்சாயம் இறங்காது என்றால், அங்கே இறங்குவது என்னதான்?

இப்படி இருந்தபோதுதான் தனராஜ் ஐயா போன் பண்ணினார். "அம்மணி, இந்த வருசம் அம்மா நினைவா நீங்க ஒரு போசி கச்சாயம் கொண்டுவந்து போடுங்க. பெருசா ஏலம் விட்டு, அம்மா பேருல ஆலயத்துக்கு ஸ்பீக்கர் வாங்கிப்போடலாமுங்க." அன்பாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நீ போன பிறகும் உன் பேரைக் கைக்குக் கை மாற்றி, கைதட்டி, தின்னாமல் அனுப்பப்போகிறார்கள். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "கொண்டு வாரேனுங்க" என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவையும் அப்படியே நடந்தால், அதுதான் நான் அந்த வாசலை மிதிக்கிற கடைசி நாள் என்று மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். ஆராதனைக்குப் பிறகு காப்பியும் சுசீலாம்மாவின் கேக்கும் கொடுத்தார்கள். சாம்சன் அண்ணன் இரண்டாவது துண்டு வாங்கியதை நான் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. சரி, பொய் எதற்கு? பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

கோழி போனது, தேங்காய் போனது. தனராஜ் ஐயா உன் போசியைத் தூக்கினார். "நம்ம ரூத்தம்மா இன்னைக்கு நம்ம கூட இல்லீங்க. ஆனா அவங்க கச்சாயம் இருக்குதுங்க" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. ஏலம் ஏறியது. சாம்சன் அண்ணன் எடுத்தார். எழுந்து நின்று, எப்போதும் போலக் கையைத் தூக்கினார்.

"ஆண்டவருக்கே திருப்பிக் குடுக்கறேனுங்க. மறு ஏலம் போடுங்க."

கைதட்டல் கேட்டது. நான் எழுந்து நின்றேன். கம்பெனியில் மேனேஜரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவளால், நம் ஆலயத்தில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"ஏனுங்ணா, திருப்பிக் குடுங்க, வேண்டாங்கல. அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு எடுத்துச் சாப்புட்டுப்போட்டுக் குடுங்க. எங்கம்மா நினைவா."

அவ்வளவுதான் சொன்னேன். கைதட்டல் நின்றுவிட்டது.

"எனக்குச் சுகருங்க அம்மணி. டாக்டரு இனிப்பே தொடக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாரு" என்றார் சாம்சன் அண்ணன். கேக்கைப் பற்றிக் கேட்க நாக்கு துடித்தது. நீ வளர்த்த வளர்ப்பு, விட்டுவிட்டேன்.

"அப்பச் சுகர் இல்லாதவங்க யாராச்சும் எடுங்களேன்" என்றேன். மருந்துக் கடைக்காரர் பல்வலி என்றார். அவர் மனைவி எண்ணெய்ப் பலகாரம் சேராது என்றார். ஒரு நிமிசத்தில் சபை முழுக்க வியாதி வந்துவிட்டது. தனராஜ் ஐயா போசியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வைக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. சரி, முடிந்தது, கிளம்பலாம் என்று பையை எடுத்தேன்.

அப்போது முன் பெஞ்சிலிருந்து சுசீலாம்மா எழுந்தார். முழங்கால் வலியோடு மெதுவாக நடந்து வந்து, கணவர் கையிலிருந்த போசியை வாங்கி, மூடியைத் திறந்து ஒரு கச்சாயத்தை எடுத்தார். தின்னவில்லை. கையில் வைத்துக்கொண்டே சபையைப் பார்த்துப் பேசினார்.

"ஆஸ்பத்திரியில ரூத்தம்மா எங்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. 'ஏனுங்கம்மா, போன வருசத்துக்கு முந்தின வருசம் எங்க கச்சாயம் எப்படீங்க இருந்துச்சு?'ன்னு கேட்டாங்க. 'நல்லாருந்துச்சு ரூத்தம்மா, நல்ல இனிப்பு'ன்னு நான் சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. 'அந்த வருசம் கண்ணு சரியாத் தெரியாம உப்பை ரெண்டு கை அள்ளிப் போட்டுப்போட்டேனுங்கம்மா. வாயில வைக்க முடியாதாம். ஐயரு வீட்டுல குடுத்ததத் தின்ன வாட்ச்மேன் மாரப்பண்ணன் ஒருத்தருதான் திங்கக்கிழமை எங்கிட்ட வந்து கேட்டாருங்க, ஏம்புள்ள, கடலையே கரைச்சு ஊத்திப்போட்டியான்னு'ன்னாங்க."

எடுத்த பையைக் கீழே வைத்தேன்.

சுசீலாம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "'தெரிஞ்சும் ஏன் ரூத்தம்மா போன வருசம் மறுபடியும் சுட்டுக் கொண்டாந்தீங்க?'ன்னு கேட்டேன். 'இந்த வருசமாச்சும் நீங்க ஒண்ணு தின்னுவீங்களான்னு பாக்கலாம்னுதானுங்க'ன்னு சொன்னாங்க. அதுக்கப்புறமும் நான் வாயத் தொறக்கல. ஊட்டுக்கு வந்து யாருகிட்டயும் சொல்லல."

சொல்லிவிட்டு அந்தக் கச்சாயத்தைத் தின்றார். அழுதுகொண்டே முழுசாகத் தின்றார். தின்று முடித்ததும் என்னைப் பார்த்து, "இன்னொண்ணு எடுத்துக்கட்டுங்களா அம்மணி?" என்று கேட்டார்.

இதை நான் அழகாக முடிக்கலாம். எல்லோரும் ஓடி வந்து தின்றார்கள், அழுதார்கள் என்று எழுதலாம். அப்படி நடக்கவில்லை. புது ஐயர் வந்து ஒன்று எடுத்தார். அவர் பின்னால் சில பெண்கள் வந்தார்கள். மருந்துக் கடைக்காரரின் மனைவி எடுத்துப் பாதியைத் தின்று, பாதியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். சாம்சன் அண்ணன் போன் பேசுகிற மாதிரி வெளியே போனார். தனராஜ் ஐயா தின்னவில்லை. அடுத்ததாகப் பூசணிக்காயைத் தூக்கி ஏலம் விட ஆரம்பித்தார், குரல்தான் எழும்பவில்லை. பாதிக் கச்சாயம் மிச்சமாகிவிட்டது. அதைப் பின் பெஞ்சுக்காரர்கள் தின்றார்கள், என் மாவில் ஏலக்காய் போதாது என்று குறையும் சொன்னார்கள்.

கிளம்பும்போது தனராஜ் ஐயா என்னிடம் வந்தார். "அம்மணி, சபையில அத்தனை பேரு முன்னாடி இப்படிக் கேக்கோணுமா? தனியாச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"தனியாத்தானுங்கய்யா எங்கம்மா சொன்னாங்க" என்றேன். அவர் காரில் ஏறியும் ரொம்ப நேரம் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அம்மா, எனக்குக் கிடைக்க வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பதில்தான் இப்போது என்னைத் தூங்க விடவில்லை. மாரப்பண்ணன் வந்து உப்பைப் பற்றிக் கேட்ட அந்தத் திங்கட்கிழமை நீ எங்கே போய் அழுதாய்? நார் மில்லிலா? வழியிலா? அன்றைக்குச் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினாய். "போசி காலியாத்தான் வந்துச்சு கண்ணு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் "ம்" என்று கேட்டுக்கொண்டேன். நான் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன், நீ என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாய். அம்மாவும் மகளுமாக இருந்துகொண்டு இப்படி ஒரு கண்ணாமூச்சியா?

தெரிந்த பிறகும் அடுத்த வருசம் அரிசியை ஊறப் போட்டாயே, அந்தக் கையை எனக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அதைப் பொறுமை என்பதா, பிடிவாதம் என்பதா, விசுவாசம் என்பதா எனக்குத் தெரியவில்லை. உன் ஆண்டவர் இருக்கிறாரா என்பதும் தெரியவில்லை. இருந்தால், உன் போசி அத்தனை வருசம் கைக்குக் கை சுற்றியபோது எந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்? இதை அவரிடமே கேட்கலாம் என்று நேற்று உட்கார்ந்தேன். "ஏனுங் ஆண்டவரே" என்று வந்துவிட்டது, அம்மா. அதற்கு மேல் வரவில்லை. ஆனால் எழுந்து போகவும் தோன்றவில்லை.

இன்றைக்குச் சுசீலாம்மா போன் பண்ணினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நம் வீட்டுக்குச் சாப்பிட வரலாமா என்று கேட்டார். காலனிக்குள் அவர் ஜெபம் பண்ண வந்திருக்கிறார், துக்கத்துக்கு வந்திருக்கிறார். சாப்பிட வந்ததில்லை. வாங்க என்று சொல்லியிருக்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், அது இன்னும் வரவில்லை. நீ உயிரோடு இருந்தபோது அவர் எடுத்திருக்க வேண்டிய கச்சாயம் அது. இனி எத்தனை தின்றாலும் அந்த ஒன்றுக்கு ஈடாகாது.

ஆனாலும் நான் ஆலயத்தை விட்டுப் போகப்போவதில்லை, இது உனக்கு என் சத்தியம். உன்னைப் போல வருசா வருசம் போவேன். உன்னைப் போலக் காத்திருக்க மட்டும் மாட்டேன். இந்த வருசமாவது தின்பார்களா என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு பின் பெஞ்சில் சிரிக்க என்னால் முடியாது, அம்மா. கேட்பேன். மரியாதையாகவே கேட்பேன். தின்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

உன் வயிற்றில் பிறந்து, உன்னைப் போல வாயை மூடிக்கொண்டிருக்க முடியாத மகள்,
எஸ்தர்